இடுக்கில் புகுந்த தண்ணீர்

தோல் பதனிடும் குரோமியம் பாலாற்றங்கரைக்கு வந்து சேராத காலம் அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் தோல் ஷாப்புகளில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் தொட்டி தொட்டியாக ஊறிக் கிடந்தன. தொட்டிக்குள் போட்ட சரக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். அவற்றின் துவர்ப்பு தோலிலிருந்த புரதத்தைப் பிடித்து இறுக்கியது. இரண்டு நாளில் நாறிப்போக வேண்டிய தோல், கப்பலேறி லண்டன் சந்தை வரை போகும் சரக்காக மாறியது. அதே கடுக்காயும் கருவேலம்பட்டையும் இடித்துச் சலித்து வீட்டுப் பல்பொடி டப்பாவுக்குள்ளும் போயின. தோலை இறுக்கிய துவர்ப்பு ஈறையும் இறுக்கும் என்பது ஊரறிந்த கைவைத்தியம். தொழுகைக்கு முன் மிஸ்வாக் குச்சி, வயலுக்குப் போகும் வழியில் வேப்பங்குச்சி, ஆலங்குச்சி. பல்லின் முன்புறம், பின்புறம், கடிக்கும் பரப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்தது. எதுவும் எட்டாமல் கிடந்தது ஒரே ஓர் இடம்தான்.

இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு அது. சீரகச் சம்பா பிரியாணியின் மட்டன் நார் அதில் சிக்கிக்கொண்டால் தென்னை ஈர்க்கு வந்தது, தீக்குச்சி வந்தது, வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கும் வந்தது. நார் வெளியேறியது, கூடவே ஈறிலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் வந்தது. நாரோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையான வில்லன் நாரே இல்லை. பல்லின் பக்கவாட்டில், ஈறு தொடும் கோட்டில், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வளரும் கிருமிப் படலம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தைக் குறிவைத்து ஒருவர் கடல் கடந்த ஊரில் முன்பே ஓர் ஆயுதம் எடுத்திருந்தார்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பல்வைத்தியம் பார்த்த லெவி ஸ்பியர் பார்ம்லி, 1815 வாக்கில் நோயாளிகளிடம் மெழுகு பூசிய பட்டுநூலைக் கொடுத்து, பல்லிடுக்கில் விட்டு இழுக்கச் சொன்னார். 1819-ல் பல் பராமரிப்பு பற்றி வெளியிட்ட புத்தகத்திலும் அதை எழுதி வைத்தார். யோசனை நல்லதுதான். ஆனால் கடைக்கு வர அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1882-ல் காட்மேன் அண்ட் ஷர்ட்லெஃப் நிறுவனம் பட்டு நூலைப் பல்லுக்கென்றே தயாரித்து விற்கத் தொடங்கியது. 1898-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் அதற்குக் காப்புரிமை வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் பட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. மெழுகிட்ட நூலும் குத்தூசியுமாகச் செருப்பும் ஷூவும் தைத்துப் பழகிய ஆம்பூருக்கு அந்த நூலில் புதுமை எதுவும் இருந்திருக்காது. ஆனால் அதை வாய்க்குள் விடும் வழக்கம் மட்டும் இந்தப் பக்கம் வேர்பிடிக்கவில்லை. அமெரிக்காவிலும் கதை அவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை.

விரலில் சுற்றி, கடைவாய் வரை கையை நுழைத்து, ஒவ்வோர் இடுக்கிலும் ஏற்றி இறக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டியிருந்தது. பலர் நூலை வாங்கினார்கள், இரண்டு நாள் இழுத்தார்கள், டப்பாவை அலமாரியில் போட்டார்கள். பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டியவர்களுக்கு நூல் உள்ளேயே போகவில்லை. விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பாலம் கட்டிக்கொண்டவர்களுக்கும் அதே சங்கடம். விரல் மடங்காத முடக்குவாதக்காரர்களின் பாடு இன்னும் மோசம். இந்தத் தோல்விகளையெல்லாம் நாற்காலியில் சாய்ந்த வாய்களில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு சிற்றூர்ப் பல்மருத்துவர்.

அவர் பெயர் ஜெரால்டு மோயர். ராக்கி மலையடிவாரத்தில், கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் அவர் தொழில் நடத்தினார். நூலும் நுழையாத இடத்தில் தண்ணீர் நுழையாதா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்கு வளைந்து போகத் தெரியும். கம்பியைச் சுற்றிப் போகும், பாலத்துக்கு அடியிலும் போகும். ஆனால் தண்ணீரை எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில், எப்படி அனுப்புவது என்பது பல்மருத்துவப் பாடப் புத்தகத்தில் இல்லாத விஷயம். அதே ஊரில் அதைப் படித்த மனிதர் ஒருவர் இருந்தார்.

ஜான் மேட்டிங்லி, நீரியல் பொறியாளர். ஓடும் தண்ணீரின் அழுத்தத்தையும் வேகத்தையும் கணக்குப் போடுவதுதான் அவர் படிப்பு. இப்போது பட்டாணி அளவுகூட இல்லாத ஓர் இடுக்குக்கு அவர் கணக்குப் போட வேண்டியிருந்தது. கேட்கச் சுலபமாக இருந்த வேலை, செய்யத் தொடங்கியதும் பிடிகொடுக்கவில்லை. வேகம் கூடினால் ஈறு கிழியும். குறைந்தால் வாய் நனையுமே தவிரப் படலம் அசையாது. மாதிரிக்கு மேல் மாதிரி குப்பைக்குப் போனது. தோற்ற முயற்சிகள் 145 என்று அந்தக் கருவியைப் பிற்பாடு விற்ற நிறுவனம் பரம்பரையாகக் கணக்குச் சொல்லி வருகிறது. விஷயம் 146-வதில் படிந்தது.

படிந்ததன் சூட்சுமம் வேகத்தில் இல்லை, இடைவெளியில் இருந்தது. கதவை வெளியிலிருந்து விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வர முடியும்? நிற்காமல் பாய்ந்த நீர்த்தாரை ஈறை அப்படித்தான் பல்லோடு அழுத்தி மூடிவிட்டது. மேட்டிங்லியின் கருவியிலிருந்த குட்டி பிஸ்டன் பம்ப், தாரையைத் துண்டு துண்டாக வெட்டியது. ஒரு துடிப்பு ஈறைச் சற்று அழுத்தியது. அடுத்த துடிப்புக்கு முன் கிடைத்த நொடித்துண்டு ஓய்வில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. அந்த இடைவெளியில் அழுக்கும் கிருமியும் வெளியே அடித்துக்கொண்டு வந்தன. நிமிடத்துக்கு 1,200 துடிப்பு என்ற அளவு பிற்பாடு இந்தக் கருவிகளின் அடையாளமாகவே நிலைத்தது. தொழில்நுட்பம் தயாராகிவிட்டது. இனி அதை நம்ப ஆள் வேண்டும்.

1962-ல் அக்வா டெக் என்ற பெயரில் கம்பெனி பிறந்தது. அதே ஆண்டு டாலஸ் நகரில் கூடிய பல்மருத்துவர் மாநாட்டில் கருவியைக் கொண்டுபோய் வைத்தார்கள். சமையலறை மிக்ஸி மாதிரி மேசையில் உட்கார்ந்த பெட்டி, மேலே தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் குழாய், குழாய் முனையில் ஊசி போன்ற மூக்கு. பெயர் வாட்டர் பிக். 1966-ல் மேட்டிங்லி பெயரில் காப்புரிமையும் கிடைத்தது. ஆனாலும் பல்மருத்துவர்களில் ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். தண்ணீர் கிருமியை வெளியே தள்ளுவதற்குப் பதில் ஈறுக்குள்ளேயே, ஏன், ரத்தத்துக்குள்ளேயே தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்துக்கு எதிர்த்தட்டில், படலத்தைக் கலைப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு முதல் சாட்சி டென்மார்க்கிலிருந்து வந்தது.

1965-ல் ஆர்ஹஸ் நகரில் ஹெரால்டு லோ என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலும் பல்மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் ஒருவர் பாக்கியில்லாமல் ஈறு சிவந்து வீங்கியது. திரும்பத் துலக்கியதும் வீக்கம் வடிந்தது. ஈறு நோய்க்குக் காரணம் வயசும் இல்லை, சூடும் இல்லை, பல்லில் படியும் கிருமிப் படலம்தான் என்று மூன்றே வாரத்தில் முடிவாகிவிட்டது. அப்படியானால் அந்தப் படலத்தைக் கலைக்கும் எந்தக் கருவிக்கும் மதிப்பு உண்டு. 1967-ல் டெலிடைன் என்ற பெரிய நிறுவனம் அக்வா டெக்கை விலைக்கு வாங்கியது. ராணுவத்துக்கும் விமானங்களுக்கும் மின்னணுச் சாதனம் செய்த கம்பெனிக்குப் பல்லிடுக்கில் என்ன வேலை என்று சிலர் சிரித்திருக்கலாம். ராணுவத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் உண்மையிலேயே ஒரு சம்பந்தம் காத்திருந்தது.

வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். குண்டுத் துகளும் சேறும் துணிக்கந்தலும் புதைந்த காயங்களோடு வீரர்கள் வந்து குவிந்தார்கள். சாதாரணமாகக் கழுவினால் அந்தக் காயங்கள் சுத்தமாகவில்லை. வாஷிங்டனில் வால்டர் ரீட் வளாகத்தில் இருந்த ராணுவப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுரிந்தர் நாத் பாஸ்கர் இதை யோசித்தார். இந்தியாவில் பிறந்து அமெரிக்கா போய்ப் பல்மருத்துவராகி, அந்நாட்டு ராணுவச் சீருடை அணிந்தவர் அவர். பல்லுக்காகப் பிறந்த துடிப்பு நீரை அவரும் சகாக்களும் எலியின் சீழ்ப்புண்ணில் சோதித்தார்கள்; பிறகு போர்க்காயத்தில் சோதித்தார்கள். 1971-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள், போர்க்காயத்தைத் துப்புரவு செய்யவும் பல்மருத்துவத்துக்கும் துடிப்பு நீர் பயன்படும் முறையை விவரித்தன. அறுவை சிகிச்சைக் கூடங்களில் எலும்பு முறிவுக் காயங்களைக் கழுவத் துடிப்பு நீர்க் கருவிகள் இடம்பிடித்தன. பாஸ்கரோ பிற்பாடு மேஜர் ஜெனரலாகி, ராணுவப் பல்மருத்துவப் படைக்கே தலைவரானார். பல்லிடுக்குக் கருவிக்கு மரியாதை கூடியது. ஆனால் இடுக்கைச் சுத்தமே செய்யாமல் விட்டால் ஒரு வாழ்நாளில் என்ன நடக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. பதில் தமிழர்களின் வாயிலிருந்துதான் வந்தது.

அதே ஹெரால்டு லோ 1970-ல் இலங்கை மலையகத்துக்கு வந்தார். தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்களின் வாரிசுகள், 480 ஆண் தொழிலாளர்கள். பிரஷ் இல்லை, பல்மருத்துவர் இல்லை. அவர்களுடைய பல்லையும் ஈறையும் அவர் குழு 15 ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளந்தது. முடிவு 1986-ல் அச்சேறியது: 100-ல் 8 பேருக்குப் பல்லைத் தாங்கும் பிடிமானம் வேகமாக அழிந்தது, 81 பேருக்கு மெல்ல மெல்ல அழிந்தது, 11 பேர் மட்டும் ஈறு வீங்கியதோடு தப்பினார்கள். துலக்காத வாயில் பத்தில் ஒன்பது பேருக்குப் பல்லின் அஸ்திவாரம் கரையும் என்பதற்கு உலகப் பாடநூல்கள் இன்றுவரை காட்டும் சான்று மலையகத் தமிழர்களின் ஈறுதான். பாடத்தைக் கொடுத்தவர்களின் தோட்டத்து லயத்துக்கு அதன் பலன் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கேள்வி. பெட்டியும் தொட்டியும் குழாயுமாக இருந்த கருவி அந்த லயத்துக்குள் நுழைகிற அளவிலும் இல்லை.

அதுதான் அடுத்த முட்டுக்கட்டை. கருவிக்கு மேசை வேண்டும், சுவரில் பிளக் பாயிண்ட் வேண்டும். பாத்ரூமில் மின்சாரம் இழுக்கவே பயந்த நம் வீடுகளுக்கு அது ஒத்துவரவில்லை. பழைய பேட்டரிகள் கனமாகவும் சீக்கிரம் சோர்ந்துபோகிறவையாகவும் இருந்தன. 1991-ல் சோனி நிறுவனம் வீடியோ கேமராவுக்காக லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பல்லைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அந்த பேட்டரி கேமராவிலிருந்து செல்போனுக்குப் போனது. செல்போன் கோடிக்கணக்கில் விற்க விற்க, பேட்டரியின் விலை சரிந்தது. பேட்டரியும் மோட்டாரும் சிறுத்தன. பம்ப் கட்டைவிரல் அளவுக்கு வந்தது. தொட்டி ஒரு டம்ளர் தண்ணீராகக் குறைந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. போன் சார்ஜரே போதும் என்றானது. மேசையில் இருந்த பெட்டி கைக்குள் அடங்குவதற்கு முன்பே, பாலாற்றங்கரையில் இன்னொரு வழக்கு முற்றிக்கொண்டிருந்தது.

அங்கே ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது. வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் ஓரிரு நாளில் பதமானது, ஏற்றுமதி பெருகியது, கழிவுநீர் பாலாற்றில் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பில் இரண்டு எண்கள் திடுக்கிட வைத்தன. ஒரு கிலோ தோல் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, அவற்றுக்குள் ஆர்.ஓ. சவ்வுகளும் வந்தன. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பு மட்டும் ஏறி வரவில்லை. வீட்டு வாசலில் கேன் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

உலகத்தின் மறுபக்கம், கருவியின் தலையெழுத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூன்று விநாடி துடிப்பு நீர் பட்ட இடத்தில் படலம் 99.9 சதவீதம் போய்விட்டது என்றது. விளம்பரக்காரர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். சோதனை பிடுங்கிய பல்லில் நடந்தது, எழுதியவர்களில் ஒருவர் வாட்டர் பிக் கம்பெனி ஆள் என்பதெல்லாம் சின்ன எழுத்தில் போனது. 2016-ல் அடுத்த அதிர்ச்சி: நூறாண்டுக்கும் மேலாகப் பல்மருத்துவர்கள் ஓதிவந்த நூலுக்கே உறுதியான ஆதாரம் குறைவு என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது. நூல் தடுமாறிய அந்தச் சமயத்தில் தண்ணீருக்கு யோகம் அடித்தது. 2017-ல் அமெரிக்கப் பல்மருத்துவர் சங்கம் வாட்டர் பிக்குக்கு அங்கீகார முத்திரை தந்தது. டாலஸ் மாநாட்டிலிருந்து எண்ணினால் 55 ஆண்டு. அதே ஆண்டு, சமையல் சோடா விற்றே பெரிய ஆளான சர்ச் அண்ட் டுவைட் நிறுவனம் ஏறத்தாழ 100 கோடி டாலருக்குக் கம்பெனியை வாங்கியது. 2019-ல் காக்ரேன் ஆய்வுக் குழு இருந்த சோதனைகளையெல்லாம் அலசிவிட்டு ஆரவாரத்தைக் கொஞ்சம் அடக்கியது: துலக்குவதோடு நூலோ இடுக்கு பிரஷோ சேர்ந்தால் ஈறு வீக்கம் குறையலாம், நீர்க் கருவிக்கான சான்று குறைவு, ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் இல்லை.

காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோயிருந்ததால் எந்த நாட்டுத் தொழிற்சாலையும் இதைச் செய்ய முடிந்தது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் ஆம்பூர் பஜார் தெருவுக்கும் பார்சல் வந்தது. 146 மாதிரி, ஒரு போர், மலையகத்து 480 வாய், கேமராவுக்குச் செய்த பேட்டரி எல்லாம் சேர்ந்து பெற்ற பிள்ளைதான், இன்று வாஷ்பேசின் ஓரத்தில் பிரஷ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேட்பாரற்று நிற்கும் கம்பியில்லா வாட்டர் ஃப்ளாஸர்.

பழகாத முதல் நாளில் அது கண்ணாடியையும் சட்டையையும்தான் கழுவியது. உதட்டை லேசாக மூடி, வாஷ்பேசின் மேல் குனிந்து, மூக்கை ஈறுக்கோட்டுக்கு நேராகப் பிடித்து, குறைந்த வேகத்தில் தொடங்கியவர்களுக்கு இரண்டொரு நாளில் கை படிந்தது. வீங்கிய ஈறில் முதல் சில நாள் ரத்தம் தெரிந்தது, பிறகு நின்றது. நிற்காதவர்கள் பல்மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. கல்லாக இறுகிவிட்ட காரையைத் தண்ணீரால் அசைக்க முடியவில்லை. அதற்கு மருத்துவரின் கருவிதான் வேண்டியிருந்தது. கம்பி கட்டிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், பல் நட்டுக்கொண்டவர்களுக்கும், நூலோடு மல்லுக்கட்ட முடியாத வயதானவர்களுக்கும் அது நிஜமான உதவியாக அமைந்தது.

தோல் ஷாப்பு ஊரில் மட்டும் ஒரு சிக்கல் கூடுதலாக முளைத்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குழாயில் வந்தது போர்வெல் தண்ணீர். அதை ஊற்றியவர்களின் கருவியில் ஊசித்துளை மூக்கில் வெள்ளைப் படிவு ஏறியது. துடிப்பு தளர்ந்து, மெல்லிய தாரை கோணலாக ஒழுகியது. சிலர் எலுமிச்சைச் சாற்றிலும் வினிகரிலும் மூக்கை ஊறவைத்தார்கள். கடைசியில் பெரும்பாலோர் கேன் தண்ணீருக்கு மாறினார்கள்.

மோயரும் மேட்டிங்லியும் யோசிக்கத் தேவையே இல்லாமல் போன ஒரே பகுதி தொட்டிக்குள் ஊற்றும் தண்ணீர்தான். ஃபோர்ட் காலின்ஸில் அது குழாயைத் திறந்தால் வந்தது. பாலாற்றங்கரையில் கருவி சுலபமாகக் கிடைக்கிறது, தண்ணீரைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இந்தக் கருவி பிரஷுக்கு மாற்று இல்லை, துணை. அந்தத் துணையும் குடிக்கத் தகுந்த தண்ணீர் கிடைக்கும் இடத்தில்தான் பலன் தரும். ஆம்பூரின் ஈறுக்கு முதல் வைத்தியம் பாலாற்றைச் சுத்தமாக்குவதுதான்.